போர்நிறுத்தம் சரி, சாலை யார் கையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்துவந்த, அதற்காக அந்த இரு நாடுகளும் போரிட்ட மலைப்பகுதியான நாகோர்னோ-கராபாக்கின் சிக்கலைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தைப் படித்தேன். அக்கம்பக்கத்துப் பெரிய நாடுகள் மனது வைத்தால் தலைமுறைப் பகைகூடத் தீரும், 2020 நவம்பரில் ரஷ்யா போரை நிறுத்தியது, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சமாதானத்தை முடித்துவைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் நடந்தது மட்டும் ஒரே வரியில் போய்விட்டது: ஆர்மீனியர்கள் அங்கிருந்து இடம்பெயர்ந்தார்கள் என்று. அந்த ஒரு வரிக்குள் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளம் அதிகமென்று வெட்ட வேண்டியிருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், சாலையைப் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எங்கோ காக்கசஸ் மலையில் நடந்ததில் இவருக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் நினைக்கலாம். என் மகள் 2019இல் மருத்துவம் படிக்க ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்குப் போனாள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இப்போது அங்கே படிக்கிறார்கள். ஒரு வயதான அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மகள் அவரைப் பாட்டி என்றே சொல்வாள், அப்புறம் எங்கள் வீட்டிலும் அவர் பாட்டி ஆகிவிட்டார். பாட்டியின் பேரன் அப்போது கட்டாய ராணுவப் பணியில் இருந்தான். பாட்டியின் தங்கை குடும்பம் கராபாக்கின் ஸ்டெபனகெர்ட் நகரில் இருந்தது. ஆகவே 2020 செப்டம்பர் 27 அன்று போர் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டிலும் வேறு பேச்சில்லை.

இன்னொரு காரணம் என் வேலை. வட்ட வழங்கல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிடங்கில் இருப்பு எவ்வளவு, லாரி எப்போது வரும், எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை என்பதே என் பிழைப்பாக இருந்தது. ஒரு பகுதி மக்களின் நிலையை எனக்கு அந்தக் கண்ணால்தான் பார்க்கத் தெரியும்.

முதலில் 2020ஐப் பார்ப்போம். 44 நாள் போர் அது. நடுவில் மூன்று தடவை போர்நிறுத்தம் அறிவித்தார்கள். அக்டோபர் 10 அன்று மாஸ்கோவில், 17 அன்று பிரான்சின் முயற்சியில், 26 அன்று அமெரிக்காவின் முயற்சியில். மூன்றும் அறிவித்த சூட்டோடு முறிந்தன. இந்த மூன்று நாடுகளும் மின்ஸ்க் குழு என்ற சமரசக் குழுவின் இணைத் தலைவர்களாக இருந்தவை, 1990களிலிருந்து இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பை ஏற்றிருந்தவை. நான்காவது தடவை மட்டும் சண்டை எப்படி நின்றது? நவம்பர் 8 அன்று கராபாக்கின் ஷூஷா நகரம் அஜர்பைஜான் கைக்குப் போனது. ஷூஷா மலைமேல் இருக்கிறது, ஸ்டெபனகெர்ட் அதன் கீழே சில கிலோமீட்டர் தொலைவில். மேலே இருப்பவனுக்குக் கீழே இருக்கும் ஊர் முழுக்கத் தெரியும். அஜர்பைஜான் பயன்படுத்திய துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களும் இஸ்ரேல் விற்ற ட்ரோன்களும் களத்தை முடிவு செய்த பிறகுதான் பேனாவை எடுத்தார்கள். நவம்பர் 10 நள்ளிரவு முதல் போர் நின்றது. பெரிய நாடு மனது வைத்ததால் நின்றது என்பதை நான் மறுக்கவில்லை. எப்போது மனது வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாட்டியின் பேரன் காலில் காயத்தோடு திரும்பி வந்தான். இரு தரப்பிலுமாக ஏறத்தாழ 7,000 பேர் திரும்பி வரவில்லை.

அந்த உடன்பாட்டை மகள் எனக்கு அனுப்பினாள். ஒன்பதே அம்சங்கள். ரஷ்ய அதிபர் புதின், அஜர்பைஜான் அதிபர் அலியேவ், ஆர்மீனியப் பிரதமர் பாஷின்யான் என்று மூன்று கையெழுத்து. 1994இல் முதல் போரை நிறுத்தியபோது கராபாக் ஆர்மீனியர்களின் பிரதிநிதியும் கையெழுத்திட்டிருந்தார். 2020இல் அவர்களுக்கு அந்த இடமும் இல்லை. யாருடைய வீடு, யாருடைய நிலம் என்று பேசுகிறார்களோ அவர்களைத் தவிர எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். அந்த நிலப்பகுதியின் எதிர்கால அந்தஸ்து என்ன என்பது பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

இருந்ததெல்லாம் இவைதான். அமைதிப்படையாக 1,960 ரஷ்ய வீரர்கள், 90 கவச வண்டிகள், 380 மற்ற வாகனங்கள். ஐந்தாண்டுக் காலம், ஆட்சேபம் இல்லையென்றால் இன்னும் ஐந்தாண்டு. அப்புறம், ஐந்து கிலோமீட்டர் அகலத்தில் லாச்சின் வழித்தடம். ஆர்மீனியாவையும் கராபாக்கையும் இணைக்க மிஞ்சியது அது ஒன்றுதான். அது ரஷ்யப் படையின் காவலில் இருக்கும், போக்குவரத்தின் பாதுகாப்புக்கு அஜர்பைஜான் உத்தரவாதம் தரும் என்று எழுதியிருந்தது. சாலையை யாராவது மறித்தால் அமைதிப்படை என்ன செய்யும், எத்தனை நாளுக்குள் செய்யும், யாரிடம் முறையிடுவது, இதில் எதுவும் எழுதவில்லை. ஒரு சாதாரண லாரி வாடகை ஒப்பந்தத்தில்கூட, வண்டி வராவிட்டால் என்ன அபராதம் என்று எழுதாமல் நாங்கள் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு லட்சம் பேரின் அரிசியும் மருந்தும் போகிற பாதைக்கு அது எழுதப்படவில்லை.

காவலுக்கு வந்தவர்களின் கவனம் விரைவிலேயே வேறு பக்கம் போனது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் புதினும் அலியேவும் கூட்டாளி நாடுகள் என்று மாஸ்கோவில் கையெழுத்திட்டிருந்தார்கள். மார்ச்சில் அஜர்பைஜான் படை அமைதிப்படையின் எல்லைக்குள்ளேயே வந்து பாருக் என்ற கிராமத்தில் உட்கார்ந்தது. மாஸ்கோ ஒரு கண்டன அறிக்கை விட்டது. ஜூலையில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவி அஜர்பைஜான் தலைநகர் பாகூவுக்குப் போய், 2027க்குள் அஜர்பைஜானிலிருந்து வாங்கும் எரிவாயுவை இரு மடங்காக்க உடன்பாடு செய்துகொண்டார். ரஷ்ய எரிவாயுவுக்கு மாற்று வேண்டியிருந்தது அவர்களுக்கு. சரி, அவரவர்க்கு அவரவர் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் காவலனுக்கும் அஜர்பைஜான் தேவை, காவலனைக் குறை சொல்கிறவர்களுக்கும் அஜர்பைஜான் தேவை என்று ஆகிவிட்டால், சாலையில் நிற்கிறவனுக்கு யார் துணை?

2022 டிசம்பர் 12. ஷூஷா அருகே, சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று சொல்லிக்கொண்ட அஜர்பைஜான்காரர்கள் லாச்சின் சாலையில் வந்து அமர்ந்தார்கள். ரஷ்யப் படை பக்கத்தில் நின்றது. சாலை திறக்கவில்லை. 2023 பிப்ரவரி 22 அன்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம், இரு திசையிலும் தடையற்ற போக்குவரத்தை அஜர்பைஜான் உறுதி செய்ய வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. ஏப்ரல் 23 அன்று அதே சாலையின் ஹகாரி ஆற்றுப் பாலத்தில் அஜர்பைஜான் சோதனைச் சாவடியே வைத்துவிட்டது. ஆர்மீனியா அந்த வழியில் ஆயுதம் கொண்டுபோகிறது என்பது அவர்கள் வாதம். ஜூன் 15க்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டிகளுக்கும் ரஷ்யர்களின் சரக்கு வண்டிகளுக்கும்கூட அநேகமாகக் கதவு சாத்தப்பட்டது.

இதை என் கணக்கில் சொல்கிறேன். சாலை திறந்திருந்த காலத்தில் நாளொன்றுக்கு 400 டன் சரக்கு அந்த வழியாகப் போனதாக அங்குள்ளவர்கள் சொன்னார்கள். பத்து டன் லாரி என்றால் நாற்பது நடை. ஜூலை கடைசியில் ஆர்மீனியா மாவு, எண்ணெய், சர்க்கரை, மருந்து ஏற்றிய 19 லாரிகளைத் தன் எல்லையோரத்துக் கோர்னிட்ஸோர் கிராமம் வரை கொண்டுவந்து நிறுத்தியது. மொத்தம் 361 டன். பழைய கணக்கில் ஒரு நாள் தேவைக்கே போதாத சரக்கு. அந்த லாரிகள் வாரக்கணக்கில் அங்கேயே வெயிலில் நின்றன. கோடை வெயிலில் தார்ப்பாய்க்கடியில் மாவு மூட்டை எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். பாலத்துக்கு அப்பால், ஸ்டெபனகெர்ட்டில், மக்கள் ரொட்டிக்காக இரவிலேயே வரிசையில் நின்றார்கள்.

காவிரிப் பாசனத்தில் கடைமடைக்காரனாக இருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். தலைமடையில் மடையைச் சாத்திவிட்டு, தண்ணீர் விடுவதாக ஒப்பந்தம் இருக்கிறதே என்று கடைமடைக்காரனிடம் காகிதத்தைக் காட்டினால் அவன் என்ன செய்வான்?

பாட்டியின் தங்கை குடும்பம் 2023 செப்டம்பர் கடைசியில் யெரெவான் வந்து சேர்ந்தது. வயதான கணவர், மகள், இரண்டு பேரப் பிள்ளைகள். பழைய லாடா காரில் ஆர்மீனியாவின் கோரிஸ் நகரம் வரை வந்திருக்கிறார்கள். சாதாரண நாளில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். அன்றைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போய், மறுநாளும் பாதி போய்விட்டது. காருக்குள் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறார்கள். வந்த அன்று என் மகள்தான் அந்தத் தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். மாத்திரை கிடைத்துப் பல மாதம் ஆகியிருந்தது.

சில நாள் கழித்து பாட்டியின் தங்கையின் கைப்பையில் இருந்த ஒரு கூப்பனைப் படம் எடுத்து மகள் எனக்கு அனுப்பினாள். அப்பா, இது உங்கள் துறை என்று எழுதியிருந்தாள். முற்றுகைக்காக 2023 ஜனவரியில் அங்கே பங்கீட்டு முறை கொண்டுவந்தார்கள், அந்தக் கூப்பன். மெல்லிய தாள், முத்திரை, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பகுதி. கொடுத்த பொருளுக்கு உரிய பகுதியைக் கிழித்துக்கொள்வார்களாம். சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் உரியவை கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தன. குடும்ப அட்டையில் ஒரு மாதம் பதிவு விழாமல் இருந்தால், ஊருக்குப் போயிருப்பார்கள், வேண்டாமென்று விட்டிருப்பார்கள் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். அந்த அம்மா எங்கும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கடைக்குப் போய் நின்றிருக்கிறார். சரக்குதான் வரவில்லை.

ஒரு சங்கதியைத் தங்கள் தலையங்கம் தொட்டிருந்தாலே போதும், முழுக் கதையும் விளங்கியிருக்கும். அஜர்பைஜான் தன் பக்கத்து அக்தாம் சாலை வழியாகப் பொருள் அனுப்புகிறேன் என்றது. அதை ஏற்றால் லாச்சின் வழி நிரந்தரமாக மூடிவிடும் என்று கராபாக் தரப்பு அஞ்சியது. பேச்சு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் செப்டம்பர் 18 அன்று இரண்டு வழிகளிலும் ஒரே நேரத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவும் மருந்தும் உள்ளே போயின. உலகமே அப்பாடா என்றது. மறுநாள், செப்டம்பர் 19 மதியம், அஜர்பைஜான் தாக்குதலைத் தொடங்கியது. இருபத்துநான்கு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. 20ஆம் தேதி மதியம் ஒரு மணிக்கு, மறுபடியும் ரஷ்ய அமைதிப்படையின் சமரசத்தில், மறுபடியும் போர்நிறுத்தம். பத்து நாளுக்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். போகிற வழிக்குப் பெட்ரோல் பிடிக்க வரிசையில் நின்றபோது செப்டம்பர் 25 அன்று எரிபொருள் கிடங்கு வெடித்து இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அக்டோபர் 1 அன்று ஐ.நா. குழு உள்ளே போனபோது மிஞ்சியிருந்த ஆர்மீனியர் அதிகபட்சம் ஆயிரம் பேர் இருக்கலாம் என்று கேள்விப்பட்டது. ஆக, செய்தித்தாளின் கணக்கில் அந்தப் போர்நிறுத்தமும் வெற்றிதான். அதன் பிறகு அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை, சுடப்பட ஆள் இல்லை. 2024 ஜூனில் ரஷ்யப் படையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. ஐந்தாண்டு முடியக்கூட இல்லை.

நான் ஆர்மீனியத் தரப்புக்காக வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1994 போர்நிறுத்தத்தின் கதையும் இதேதான், பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் வேறு. அந்தப் போரில் ஆர்மீனியப் படைகள் கராபாக்கைத் தாண்டிச் சுற்றியிருந்த ஏழு மாவட்டங்களைப் பிடித்தன. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான அஜர்பைஜான் மக்கள் வீடிழந்தார்கள். பலர் கூடாரங்களிலும் ரயில் பெட்டிகளிலும் ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்தினார்கள். ரயில் பெட்டிக்குள் பிறந்த பிள்ளை அங்கிருந்தே பள்ளிக்கூடம் போயிருக்கிறது. அக்தாம் நகரத்தில் கல் மேல் கல் இல்லாமல் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள், மசூதி மட்டும் நின்றது. அந்த ஊரில் ரொட்டிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருந்ததாம், அதுவும் போனது. கராபாக்கின் கோஜலியில் 1992 பிப்ரவரியில் தப்பியோடிய குடிமக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் அஜர்பைஜானில் 1988இல் சும்கயித்திலும் 1990இல் பாகூவிலும் ஆர்மீனியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். பிடித்த இடங்களிலிருந்து வெளியேறச் சொல்லி 1993இல் மட்டும் ஐ.நா. பாதுகாப்பு அவை நான்கு தீர்மானம் போட்டது. யாரும் அசையவில்லை. துப்பாக்கி ஓய்ந்திருக்கிறதே, போதும் என்று பெரிய நாடுகள் இருந்துவிட்டன. வீடு திரும்ப வேண்டியவர்களை மறந்த அந்த இருபத்தாறு ஆண்டு அமைதிதான் 2020 போரைப் பெற்றது. அக்தாம்காரருக்கு வீடு திரும்பும் உரிமை உண்டென்றால் ஸ்டெபனகெர்ட்காரருக்கும் உண்டு. இதில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட முடியாது. திரும்பிப் போகிற அஜர்பைஜான் குடும்பங்களும் நிம்மதியாக இல்லை, முப்பது ஆண்டாகப் புதைத்த கண்ணிவெடிகள் இன்றும் அவர்கள் கால்களைப் பறிக்கின்றன.

இப்போது வாஷிங்டனுக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டு 8 அன்று வெள்ளை மாளிகையில் அலியேவும் பாஷின்யானும் கைகுலுக்கினார்கள். சமாதான ஒப்பந்தத்துக்கு வெளியுறவு அமைச்சர்கள் சுருக்கொப்பமிட்டார்கள். முழுக் கையெழுத்து அல்ல. ஆர்மீனியா தன் அரசியலமைப்பை மாற்றினால்தான் முழுக் கையெழுத்து என்று அஜர்பைஜான் நிபந்தனை வைத்திருந்தது. வெளியிடப்பட்ட வரைவில் 17 பிரிவுகள். அவற்றில் 2023இல் வெளியேறிய ஆர்மீனியர்கள் திரும்பிப் போவதைப் பற்றி ஒரு பிரிவும் இல்லை. எல்லையில் மூன்றாம் நாட்டுப் படைகளை நிறுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. ரஷ்யக் காவலின் லட்சணத்தைப் பார்த்தபின் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் யார் கண்காணிப்பார்கள்?

அன்றைக்குப் பெரிதாகப் பேசப்பட்டது இன்னொரு சாலை. ஆர்மீனியாவின் தெற்கு மாகாணமான சியூனிக் வழியாக, அஜர்பைஜானையும் அதன் தனித்துண்டான நக்கிசெவானையும் இணைக்கும் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அமெரிக்க அதிபரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். 2020 உடன்பாட்டின் ஒன்பதாவது அம்சத்தில் இதே சாலையை ரஷ்ய எல்லைக் காவல் துறை பார்த்துக்கொள்ளும் என்று இருந்தது. துருக்கிக்கு இது காஸ்பியன் கடல்வரை நேர்வழி. ஈரானுக்கோ ஆர்மீனியாவுடன் தனக்கிருக்கும் எல்லை கைநழுவிப் போகுமோ என்ற பயம். ஆளாளுக்கு இந்தச் சாலை மேல் கண். லாச்சின் சாலைக்கு எழுதாமல் விட்டதை இதற்காவது எழுதுவார்களா என்பதுதான் என் கேள்வி. வழி மறிக்கப்பட்டால் என்ன நடக்கும், அந்தப் பாதை ஓரத்துக் கிராமத்துக்காரன் தன் வயலுக்குக் குறுக்கே போய்வர யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், பத்தாண்டு கழித்து வாஷிங்டனின் கவனம் வேறு பக்கம் போனால் யார் பொறுப்பு, இதெல்லாம் தெரிந்த பிறகுதான் என்னால் கைதட்ட முடியும்.

நமக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. நம் பினாகா ராக்கெட்டுகளை ஆர்மீனியா வாங்கியிருக்கிறது. ஈரான் வழியாக வடக்கே சரக்கு அனுப்பும் நம் திட்டங்களுக்கும் அந்த மலைப்பாதைகள் வேண்டும். சென்னைப் பாரிமுனையில் ஆர்மீனியன் தெரு இருக்கிறது, 1772இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதன்முதலில் பாலம் கட்டியவர் ஓர் ஆர்மீனிய வணிகர். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794இல் இதே சென்னையில்தான் அச்சானது. பத்திரிகைக்காரர்களான தங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மக்களைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத நம் பத்திரிகைகளுக்குக் காரணம் இருக்கிறது.

கேட்டுக்கொள்வது இதுதான். இனி எந்த நாட்டுப் போர்நிறுத்தம் பற்றிச் செய்தி போட்டாலும், கைகுலுக்கும் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வரைபடம் போடுங்கள். அங்கே சோறும் மருந்தும் எந்தச் சாலையில் போகின்றன, அந்தச் சாலை யார் கையில் இருக்கிறது என்று குறியுங்கள். மேசையில் யாருக்கு நாற்காலி போடவில்லை என்று ஒரு வரி. காவல்படையின் காலம் எத்தனை ஆண்டு என்று ஒரு வரி. அப்புறம் ஆறு மாதம் கழித்து, அந்தச் சாலையில் நாளொன்றுக்கு எத்தனை லாரி போகிறது என்று ஒரு செய்தி. பாட்டியின் தங்கை குடும்பம் இப்போது யெரெவான் புறநகரில் வாடகை வீட்டில் இருக்கிறது. அவர்களைப் போன்றவர்களின் வாடகைக்கு ஆர்மீனிய அரசு கொடுத்துவந்த உதவித்தொகையின் விதிகளை மாற்றிவிட்டார்கள் என்று கவலையோடு சொன்னார்களாம். அதைப் பற்றியும் தங்கள் வெளிநாட்டுப் பக்கத்தில் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
வட்ட வழங்கல் அலுவலர் (ஓய்வு),
மன்னார்குடி.